விடையை முன்னரே பார்க்கலாமா?

ஒரு கணக்கை முயன்று பார்ப்பதற்கு முன்னரே அதன் விடையைப் பார்த்துவிடுவது குற்றமா? அற்பமான கேள்வி என்று தள்ளிவிடத் தோன்றும். ஆயினும், இயற்பியல் பயிலும் நம் பிள்ளைகள் நாள்தோறும் சந்திக்கும் ஒழுக்கச் சோதனை இதுவே.

கோட்டூர்புரத்தில் 2010-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்போர்க்கெனத் தனிப் பகுதி உண்டு. அங்கே மாணவர் ஒருவர் கிளெப்னரும் கோலென்கோவும் எழுதி 1973-இல் வெளிவந்த இயக்கவியல் நூலை விரித்து அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். நியூட்டனின் மூன்று விதிகளும் அவருக்குப் பள்ளியிலேயே மனப்பாடம். ஆனால் இந்நூலின் கணக்குகள் விதியைச் சொல்லச் சொல்வதில்லை. அதை எங்கே, எப்படிப் பொருத்துவாய் என்றே கேட்கின்றன. ஒரு மணி நேரம் கழிகிறது. வழி புலப்படவில்லை. விடை விளக்கமோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்ப்போம். விளிம்பு பெருத்த தையல் நூற்கட்டையை, நூல் அடிப்புறத்திலிருந்து வரும்படி மேசைமீது வைத்து, கிடையாக மெல்ல இழுத்தால் அது எப்பக்கம் உருளும்? நூல் அவிழ, கட்டை அப்பால் ஓடும் என்றே பலரும் சொல்வர். ஆனால் அது நூலைச் சுற்றிக்கொண்டு நம்மை நோக்கியே வரும்! நூலை நன்கு உயர்த்தி இழுத்தாலோ, விலகி ஓடும். கட்டை மேசையைத் தொடும் இடத்தைப் பற்றியே அக்கணத்தில் திரும்புகிறது. இழுவிசையின் கோடு அவ்விடத்திற்கு மேலாகச் சென்றால் கட்டை நம்மிடம் வரும். அவ்விடத்திற்கும் நமக்கும் இடையே மேசையில் இறங்கினால் விலகும்.

இவ்விளக்கத்தை முதலிலேயே படித்தவர், "புரிந்தது" என்று தலையசைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். தவறாக ஊகித்து, ஏன் தவறினோம் என்று தேடியவர்க்கே விதி சொந்தமாகிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், எண்பது வயதைக் கடந்த பின்னர் நியூட்டனின் 'பிரின்சிப்பியா'வுக்கு விளக்கம் எழுதினார். 1995-இல் அது நூலாயிற்று. அவர் கையாண்ட முறை எண்ணத்தக்கது. தேற்றத்தின் கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு முதலில் தாமே நிறுவுவார். அதன் பின்னரே நியூட்டனின் நிறுவலோடு ஒப்பிடுவார். அவ்வாறு ஒப்பிட்டே நியூட்டனின் நுட்பத்தை வியந்தார். தாமே நடந்து பார்த்த வழியாதலின், அவ்வியப்பு இரவல் வியப்பன்று.

"தேர்வு நெருங்குகிறது, குடும்பம் கடன்பட்டுப் படிக்க வைக்கிறது, ஒவ்வொரு கணக்கோடும் மல்லுக்கட்ட நேரமேது?" என மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. விடையைப் பார்க்கவே கூடாதென நாம் சொல்லவில்லை. நேர்மையாக முயன்றபின் பார்க்கட்டும். பார்த்தபின் நூலை மூடிவைத்து, தாமே மறுபடி எழுதட்டும். பார்த்ததைத் தாம் கண்டறிந்ததாக எண்ணிக்கொள்வதே குற்றம். இதில் ஏமாறுகிறவர் வேறெவருமல்லர். நாளை அவர் கணிக்கும் பாலத்தின்மீது நடப்போர்க்கும் அவ்வேமாற்றத்தில் பங்கு வந்து சேரும். அறிவு ஓர் அமானிதம் என்பது இதனால்தான்.

பெற்றோராகிய நமக்கும் இதில் பொறுப்புண்டு. "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்டே பழகிவிட்டோம். "இன்று எந்தக் கணக்கில் தோற்றாய்?" என்று ஒருநாள் கேட்டுப் பார்ப்போம். அதற்கு அஞ்சாமல் மறுமொழி சொல்லும் பிள்ளை உண்மையாகவே படிக்கிறது.