நகரழிவும் வினைத்துணிபும்

பெருங்கேடு நேர்ந்துழி, மாண்டார் செய்த தீவினையே அதற்குக் காரணமென உடனே துணிந்துரைப்பார் பலர். அத்துணிபு ஏற்புடைத்தோ என்பதை, இத்தாலி நாட்டிற் புதையுண்ட பொம்பேய் நகரின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

கி. பி. 79-ஆம் ஆண்டில் வெசூவியம் என்னும் எரிமலை வெடித்தது. முதற்கண் நுரைக்கற்கள் மழையெனப் பொழிந்து கூரைகளைச் சாய்த்தன. பின்னர் வெங்காற்றுஞ் சாம்பலும் விரைந்து பாய்ந்து எஞ்சினோரை மாய்த்தன. 1748-ல் அகழ்வு தொடங்கிற்று. உடல்கள் அழிந்தமையால் இறுகிய சாம்பலினுள் வெற்றிடங்கள் உண்டாயிருந்தன. 1863-ல் பியொரெல்லி என்பார் அவற்றிற் சுதைச்சாந்து வார்த்து, மாண்டாருடைய வடிவங்களை மீட்டனர்.

அந்நகர்ச் சுவரொன்றிற் சோதோம், கொமோரா என்னும் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. அவை, பாவத்தால் எரியுண்டனவென யூதர் மறை கூறும் ஊர்களாம். பொம்பேயின் அழிவும் அத்தகைய தண்டமே என்பார்க்கு இவ்வெழுத்து ஒரு துணையாயிற்று. ஆயின் அங்கு மாண்டாருட் குழந்தைகளும் உளர். சங்கிலியிற் பிணிப்புண்டு இறந்த நாயொன்றும் உளது. மக்களைக் காப்பான் மரக்கலஞ் செலுத்திச் சென்ற கடற்படைத்தலைவர் பிளினியும் அண்மையிலுள்ள ஸ்தாபியைக் கரையில் உயிர்நீத்தார். இவரெல்லாம் அந்நகரின் களியாட்டுக்காகத் தண்டிக்கப்பட்டார் என்றல் பொருந்துமோ?

அற்றேல் வினைக்கொள்கை வழுவாதோவெனின், வழுவாது. பூதங்களான் வருந் துன்பத்தை ஆதிபௌதிகமென நூலோர் வகுத்தனர், அதுவும் பிராரத்தமே. எனினும், இன்னார்க்கு இன்ன வினையென அளந்தூட்டுதல் முற்றறிவுடைய முதல்வன் செயலன்றிச் சிற்றறிவினராகிய நம் செயலன்று. நம் அறிவின் சிறுமைக்கு அந்நகரே சான்று தருகின்றது. பொற்காப்பு மனை என வழங்கும் இல்லத்திற் காப்பணிந்த ஒருவரையும் அவர் மடியிலிருந்த குழவியையும் தாயும் மகவுமென நெடுங்காலம் உரைத்துவந்தனர். 2024-ல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி, அவர் ஆடவரென்றும், அக்குழவிக்கு உறவினரல்லரென்றுங் காட்டிற்று. கண்முன் கிடக்கும் வடிவையே பிறழவுணர்ந்த மாந்தர், காணப்படாத வினையை எங்ஙனம் உணர்ந்து தீர்ப்புக் கூறுவர்?

இஃது ஏட்டளவில் நிற்கும் வாதமன்று. பிறர் துன்பம் அவர்தம் வினைப்பயனேயென ஒதுங்குவார், தமக்கு நேர்ந்த கடமையைக் கைவிடுகின்றார். அவர் நுகர்வது பிராரத்தமாயின், யாம் உதவாதொழிதல் எமக்கு ஆகாமியமாய் ஏறும் என்பதை அன்னோர் மறந்தனர். வினையுண்மை, தம்மை நோக்குங்கால் அடக்கத்தையும் பிறரை நோக்குங்கால் இரக்கத்தையும் பயத்தல் வேண்டும். பழிதூற்றுதற்கு அதனைக் கருவியாக்குதல் சைவ நன்மக்கட்கு அடாது.