பதவியை நாடுதல் பழியா?

பதவியை நாடிச் செல்பவரைச் சந்தேகத்துடன் நோக்குவது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். பதவி தானாக வந்து சேரவேண்டும். தேடிப் போனால் அது தன்னலம் என்கிறோம். இக்கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால், பதவி யாரைத் தேடித் தானாக வருகிறது என்று நாம் கேட்பதில்லை. ஏற்கெனவே உள்ளே வீற்றிருப்போரைத் தேடியே அது வரும். வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குக் காத்திருத்தலே பங்காகும். எனவே, விலக்கப்பட்டோரின் பொருட்டு ஒரு தொழிற்சங்கத்தின் தலைமையைத் தேர்தல் மூலம் நாடுவது அறமா, ஆசையா என்பது ஆராய்தற்குரிய வினாவாகும்.

இதற்கு அமெரிக்க உளவியற் சங்கத்தின் வரலாறு நல்ல சான்று. 1892இல் தோன்றிய அச்சங்கம் வெறும் அறிஞர் கூட்டமன்று. மனிதரின் அறிவை அளக்கும் கோல் அதன் உறுப்பினர் கையில் இருந்தது. 1917இல் அதன் தலைவராயிருந்த றொபேட் யேர்க்ஸ், முதலாம் உலகப் போரின்போது ஏறத்தாழ 17 இலட்சம் படைவீரர்களுக்கு அறிவுச் சோதனை நடத்திய குழுவுக்குத் தலைமை தாங்கினார். பள்ளிக்கூட வாய்ப்பும் மொழிப் பழக்கமும் பெற்றோரே அச்சோதனையில் உயர்ந்து நின்றனர். அவ்வாறிருந்தும், சில இனத்தார் பிறப்பிலேயே அறிவு குன்றியோர் என்ற முடிவுக்கு அது ஆதாரமாக்கப்பட்டது. பரீட்சை வைத்துப் புள்ளியிடும் ஆசிரியர்களாகிய நாம் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். அளப்பவர் யார் என்பதைப் பொறுத்தே அளக்கப்படுவோரின் வாழ்வும் அமைகிறது.

அந்தச் சங்கத்தின் தலைமைக்கு 1905இல் ஒரு பெண் வந்தார். அவர் மேரி விற்றன் கல்கின்ஸ். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு வேண்டிய அனைத்தையும் அவர் நிறைவேற்றியிருந்தார், பேராசிரியர்களும் பரிந்துரைத்தனர். பெண் என்பதற்காகப் பல்கலைக்கழகம் பட்டத்தை மறுத்தது. பின்னர் 1902இல், பெண்களுக்கான றட்கிளிஃப் கல்லூரியின் பெயரால் பட்டம் தர முன்வந்தபோது, அதை ஏற்க மறுத்தார். உழைத்த இடத்தின் பட்டமே தமக்குரியது என்பது அவர் கொள்கை. பட்டம் மறுக்கப்பட்டவரைச் சக உளவியலாளர்கள் தலைவராக்கியது, அந்த மறுப்பு எவ்வளவு பொருளற்றது என்பதை உலகறியச் செய்தது.

ஆயினும் ஒருவர் ஏறிய படி எல்லோருக்கும் வழியாகி விடுவதில்லை. 1921இல் மார்கரெற் வாஷ்பேர்ண் தலைவரானார். அதன்பின் 1972 வரை, அரை நூற்றாண்டு, வேறெந்தப் பெண்ணும் அப்பதவியை அடையவில்லை.

கறுப்பின மக்களின் போராட்டமோ இன்னொரு பாடத்தைத் தருகிறது. கென்னத் கிளார்க்கும் அவர் மனைவி மேமி கிளார்க்கும் சிறுவர்க்குப் பொம்மைகளைக் காட்டி ஆய்வு நடத்தினர். கறுப்பினச் சிறுவர் பலர் வெள்ளைப் பொம்மையே நல்லதென்றனர். பிஞ்சு நெஞ்சிலே ஒதுக்கல் இட்ட வடு அது. பாடசாலைகளில் இனப் பாகுபாடு செல்லாதென அமெரிக்க உயர் நீதிமன்றம் 1954இல் வழங்கிய தீர்ப்பு, கிளார்க்கின் ஆய்வறிக்கையையும் சான்றாகக் குறிப்பிட்டது. ஆயினும் சங்கத்துக்குள் மாற்றம் தானே வரவில்லை. 1968இல் கறுப்பின உளவியலாளர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். 1969இல் வாஷிங்டன் மாநாட்டில் கறுப்பின மாணவர்கள் மேடையேறித் தம் கோரிக்கைகளை முன்வைத்தனர். அதற்குப் பின்னரே, 1971க்குரிய தலைவராகக் கிளார்க் அமர்ந்தார். அச்சங்கத்தின் முதற் கறுப்பினத் தலைவர் அவரே. உளவியலின் சமூகப் பொறுப்பையும் ஒழுக்கப் பொறுப்பையும் ஆராய்வதற்கென ஒரு சபை உருவாக அவருடைய தலைமை வழிகோலிற்று.

உள்ளே சென்றவரையும் வெளியே நின்றவரையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவது தவறு என்பதை இது காட்டுகிறது. வெளியிலிருந்து வரும் நெருக்குதல் இன்றி, உள்ளே சென்றவர் வெறும் அலங்காரப் பொருளாவார். உள்ளே தீர்மானம் இயற்றும் கை இன்றி, வெளியே எழும் குரல் காற்றோடு போகும்.

பதவி, அதை அடைந்தவரையே மாற்றிவிடாதா? இந்த அச்சம் கிளார்க்குக்கும் இருந்தது. தமது தலைமையுரையில், வல்லரசுகளை நடத்துவோரின் அதிகார வெறியை மருந்தினால் தணிக்க வழிகாண வேண்டும் என்று கூடக் கூறினார். நோயை அவர் சரியாகக் கண்டார்; மருந்திலே நாம் அவரோடு உடன்பட இயலாது. அதிகாரத்துக்கு மருந்து, காலவரையறையும் கணக்குக் கேட்கும் உறுப்பினருமே. வாக்குக் கேட்டு வருபவர், வாக்களித்தோருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். தேடாமலே பதவி பெற்றவருக்கு அக்கடமை இல்லை.

கறுப்பினப் பெண்ணொருவர் அச்சங்கத்தின் தலைமையை அடைய 2018 ஆயிற்று. இனவாதத்தை வளர்த்தமைக்கும் அதை எதிர்க்கத் தவறியமைக்கும் 2021இல் சங்கமே மன்னிப்புக் கோரியது. மன்னிப்புக்கே 129 ஆண்டுகள் சென்றன என்றால், நற்குணம் ஒன்றையே நம்பிக் காத்திருப்பதன் விலை எவ்வளவு என்பது வெளிப்படை.

ஆகவே, பதவியை நாடுவது பழியன்று. யாருக்காக நாடுகிறோம், யாருக்குக் கணக்குக் காட்டுகிறோம், நாம் இறங்கிய பின் கதவு திறந்திருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் நேர்மையான விடை வேண்டும். அவ்விடை நம்மிடம் இருக்குமாயின், ஒதுங்கி நிற்பதைத் துறவென்று சொல்லிக் கொள்ளும் உரிமை நமக்கில்லை.