எண்ணுகிறவன் யார்?

கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1822-இல் உதகமண்டலத்தில் கட்டத் தொடங்கிய கல் பங்களாவின் வளாகத்தில்தான் 1955 முதல் அரசு கலைக் கல்லூரி நடந்துவருகிறது. மலைமீதும் அடிவாரத்திலும் உள்ள கல்லூரிகளின் கணித ஆசிரியர்கள் கூடிய ஒரு வட்டார மாநாட்டின் நிமித்தம் உதகைக்குப் போன நான், இடையே கிடைத்த ஒரு முற்பகலில், ஒரு காலத்தில் நான் பயின்ற அந்தக் கல்லூரியின் கணிதத் துறையை எட்டிப் பார்த்தேன். மேசைகளும் முகங்களும் மாறியிருந்தன. கரும்பலகையில் யாரோ பாதியில் விட்டுப்போயிருந்த தேற்றம் மட்டும் நான் அறிந்ததாகவே இருந்தது. பௌதிகத் துறைக்கோ பொருளாதாரத் துறைக்கோ வெகுகாலம் கழித்துத் திரும்புகிறவன், தான் கற்றதில் ஒரு பங்கைக் காலம் திருத்திவிட்டிருக்கக் காண்பான். கணிதம் கற்றவனுக்கு அந்த வருத்தம் இல்லை. இந்த நித்தியத்துவம் எங்கிருந்து வருகிறது என்பதே அன்றிலிருந்து என்னைப் பற்றிக்கொண்ட கேள்வி.

மாநாட்டு உரைகளின் விவரம் இங்கு வேண்டுவதில்லை. ராமானுஜனைப் பற்றிய பேச்சு எழாத கணிதக் கூட்டம் தமிழ்நாட்டில் நடப்பதில்லையாதலால், அது இங்கும் உணவு வேளையில் எழுந்தது. நாமக்கல் நாமகிரித் தாயார் அருளிய சூத்திரங்கள் அவை, ஆகவே கணித உண்மை தெய்வத்தின் உள்ளத்தில் உறைவது என்றார் பெரியவர் ஒருவர். ராமானுஜனை உலகுக்குக் காட்டிய ஹார்டியோ கடவுளை நம்பாதவர், அவர் செய்த கணிதம் எதில் குறைந்தது என்று கேட்டார் இளையவர் ஒருவர். இருவர் பேச்சிலும் எனக்குத் திருப்தியில்லை. 1913-இல் ராமானுஜன் ஹார்டிக்கு எழுதியனுப்பிய முடிபுகளில் பகா எண்களைப் பற்றிய சில பிழையானவை. அருளால் வந்தது என்ற காரணத்தால் ஒரு முடிபை ஒருவரும் ஏற்றுக்கொண்டதில்லை, நிரூபணம் கேட்டே ஏற்றார்கள். இளையவர் கவனியாமல் விட்டது அதைவிட விநோதமானது. கணித மெய்ம்மை நமக்குப் புறத்தே இருப்பது, நாம் அதைக் காண்கிறோமேயன்றிப் படைப்பதில்லை என்று 1940-இல் வெளிவந்த தம் நூலில் உறுதியாகச் சொன்னவர் அந்த ஹார்டியே. எண்ணுவதற்கு மனிதனும் வேண்டாம், மனமும் வேண்டாம், தெய்வமும் வேண்டாம் என்று நிற்கும் கணிதம் நாத்திகருடையது; பக்தருடைய கணிதத்துக்கோ ஓர் ஆதாரம் வேண்டியிருக்கிறது!

மறுநாள் பிற்பகல் எங்களை உதகைக்கு அருகிலுள்ள முத்தோரைக்கு அழைத்துச் சென்றார்கள். காரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களைத் தாண்டி ஒரு மலைச்சரிவின் மேல் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாகக் கிடக்கிறது, கோவிந்த் ஸ்வரூப்பின் தலைமையில் 1970-இல் முடிக்கப்பெற்ற ரேடியோ தொலைநோக்கி. வடக்குத் தெற்காக இறங்கும் அந்தச் சரிவின் சாய்வு சுமார் 11 பாகை. அவ்விடத்து அட்சரேகையும் ஏறத்தாழ அதுவே. ஆதலால் சரிவோடு படுத்திருக்கும் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிறது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், உதித்து மறையும் ஒரு வான்பொருளைப் பல மணி நேரம் தொடர்ந்து பார்க்கலாம். இத்தகைய ஒரு சரிவைத் தேடிக் கண்டுபிடித்தே அதைக் கட்டினார்கள். அப்படியானால், தோடர்களின் எருமைகள் மாத்திரம் அங்கே மேய்ந்த காலத்தில், சாய்வும் அட்சரேகையும் ஒத்திருந்தன என்னும் உண்மை அங்கே இருந்ததா? ஹார்டியைக் கேட்டால் இருந்தது என்பார்.

பரமாணுக்களைக் கொண்டு உலகை விளக்கிய பழைய இந்தியத் தத்துவ மரபினரான வைசேடிகர் அவ்வளவு விரைவில் இசைய மாட்டார்கள். ஒவ்வொரு பொருளிலும் ஒன்று என்னும் எண் தானாகவே உள்ளது. இரண்டு முதலானவையோ, இதுவொன்று இதுவொன்று என்று சேர்த்துக் காணும் அறிவினால் தோன்றி, அவ்வறிவு நீங்கத் தாமும் நீங்குவன என்பது அவர்கள் சித்தாந்தம். அபேட்சா புத்தி என்பது அந்த அறிவின் பெயர். இவ்வளவோடு நின்றால் இது வெறும் மனோகற்பனைவாதமாகத் தோன்றும். ஆனால் அவர்கள் இதன்மேல் கட்டியது பெரிய மாளிகை. பரமாணுக்கள் இரண்டு சேர்ந்து துவியணுகம் ஆகிறது. துவியணுகங்கள் மூன்று சேர்ந்தால் கண்ணுக்குப் புலனாகும் பருமை பிறக்கிறது. அணுவின் அளவிலிருந்து இந்த அளவுகள் வந்திருக்க முடியாது, ஏனெனில் ஓர் அளவு தன் இனத்து அளவையே மேலும் மிகுவித்துப் பிறப்பிக்கும். சிறுமையோடு சிறுமை சேர்ந்தால் இன்னும் சிறுமைதான் வரும். எனவே காரணம் எண்ணிக்கையே. எண்ணிக்கைக்கோ எண்ணும் அறிவு வேண்டும். சிருஷ்டியின் தொடக்கத்தில், உடலெடுத்த உயிர் எதுவும் இல்லாதபோது, பரமாணுக்களை இரண்டென்று எண்ணியவன் யார்? சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நியாய வைசேடிக அறிஞர் உதயனாசாரியர், நியாய குசுமாஞ்சலி என்னும் தம் நூலில் ஈசுவரனை நிறுவும் ஏதுக்களுள் ஒன்றாக இந்த எண்ணையும் வைத்தார்.

உணவு மேசையில் நாமகிரித் தாயாரைச் சாட்சிக்கு அழைத்த பெரியவருக்கு இதைவிடச் சிறந்த வழக்கறிஞர் கிடைத்திருக்க மாட்டார். தேற்றங்கள் எந்தக் கனவில் வந்தன என்று உதயனர் கேட்கவில்லை; உலகம் பருமை பெறுவதற்கே கணக்கு வேண்டியிருக்கிறதே, அந்தக் கணக்கை வைத்தவன் எவன் என்று கேட்டார். பேரறிஞன் ஒருவனின் அற்புதத்தை நாடாமல், மிகச் சாதாரணமான இரண்டு என்னும் எண்ணைக் கொண்டே தெய்வத்தை அணுகிய அந்தத் துணிவு என்னைக் கவர்கிறது.

ஆயினும் மாளிகையின் அடித்தளத்தில் ஒரு கல் ஆடுகிறது. குணங்கள் 24 என்று வகுத்து, எண்ணையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்த வைசேடிக மரபே, ஒரு குணத்தில் இன்னொரு குணம் தங்காது என்றும் விதித்தது. அங்ஙனமாயின், அந்தக் குணங்களை எண்ணிச் சொன்ன 24 எங்கே தங்குகிறது? பிற்காலத்தில் நவத்வீபத்து நியாய அறிஞர் ரகுநாத சிரோமணி இந்த முரணைக் கண்டு, எண்ணைக் குணவரிசையிலிருந்து நீக்கித் தனிப் பதார்த்தமாக, அதாவது தனியொரு மெய்ப்பொருள் வகையாக, ஆக்கினார். திரவியத்தில் பற்றிநிற்கும் குணமே அன்று எண் என்று ஆகிவிட்டால், அது எண்ணுகிறவனின் அறிவால் பிறக்கிறது என்பதையும் புதிதாக நிறுவியாக வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. உதயனரின் ஏது அப்போது முன்போல் எளிதாக நிற்பதில்லை. ரகுநாதர் அதற்காக ஈசுவரனைக் கைவிட்டாரென்று நினைப்பது தவறு. திசையும் காலமும் ஈசுவரனுக்கு வேறான திரவியங்கள் அல்ல என்றவரும் அவரே.