மீளாத தாள்கள்

பழம்பணத் தாள்களைத் திரட்டுவது தீங்கற்ற பொழுதுபோக்கு என்றே பலரும் எண்ணுவர். நாமும் அதனை எளிதில் குறை கூறோம். ஆயினும் அமெரிக்கச் சிற்றூர் வங்கிகளின் தாள்களைத் தேடுவோர் நிலையை நோக்குங்கால் ஓர் ஐயம் எழுகின்றது.

உள்நாட்டுப் போர் நிகழ்ந்த 1863-ஆம் ஆண்டில் அந்நாட்டில் தேசிய வங்கிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி பட்டயம் பெற்ற வங்கி, அரசுக் கடன் பத்திரங்களைக் கருவூலத்தில் ஈடாக வைத்து, தன் பெயரும் ஊர்ப்பெயரும் பொறித்த தாள்களை வெளியிடலாம். 1935 வரை 12,000-க்கும் மேற்பட்ட வங்கிகள் அவ்வாறு வெளியிட்டன. தொடக்கத்தில் வங்கித் தலைவரும் காசாளரும் தம் கையாலேயே ஒப்பமிட்டு, பெருந்தாளினின்று ஒவ்வொன்றாக வெட்டிக் கொடுத்தனர். (அன்று கத்தரி சற்றே கோணியிருந்தால் இன்று விலை குறைகின்றதாம்!) வங்கி முறிந்தாலும் தாளுக்குரிய தொகையைக் கருவூலம் அளித்தது. அவ்வங்கியில் சேமிப்பை இட்டு வைத்தவர்க்கோ, 1934-இல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வரும்வரை, நடுவண் அரசின் அத்தகைய உறுதி ஏதும் இல்லை.

தாள் என்பது, கொண்டு வருபவர் கேட்டபொழுது கொடுப்போம் என்னும் வாக்கு. மீண்டு வந்த தாள்களைக் கருவூலம் அழித்துவிட்டது. ஆகவே இன்று எஞ்சியிருப்பவை எவரும் வந்து கேளாத வாக்குகளே. ஓர் ஊரின் தாள் ஒன்றே எஞ்சியிருப்பின் அதற்கு முகமதிப்பினும் பன்மடங்கு விலை. அவ்வூர்த் தாள்கள் இன்னும் பத்து, யாரோ ஒருவர் வீட்டுப் பழம்பெட்டியில் அகப்பட்டால் அவ்விலை சரிகின்றது. முதல் தாளின் அழகு குன்றவில்லை. அதன் வரலாறும் மாறவில்லை. பிறர்க்கும் கிடைத்துவிட்டது என்பது ஒன்றே அதற்கு நேர்ந்த குறை.

இல்லறத்தார்க்கு உரைக்கப்பட்ட மிகுபொருள் விரும்பாமையை நாம் பெரும்பாலும் அளவு பற்றியதாகவே கொள்கிறோம்: இத்தனை நிலம், இத்தனை பொன் என்று. ஐந்து டாலர் தாள் ஒன்று எந்த அளவையும் மீறாது. ஆனால், பிறரிடம் இல்லாமையாலேயே இனிக்கின்ற உடைமையை எந்தக் கோலால் அளப்பது? உடையவன் உள்ளத்தில், இன்னொன்று கிடைக்காதிருக்க வேண்டுமே என்னும் வேட்கை ஓயாது இருக்கின்றதே; அது சிறிய தாளா, பெரிய நிலமா என்பதைப் பொறுத்ததன்று.

எனினும் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று. எஞ்சியுள்ள தாள்களை வங்கி வாரியாகக் கணக்கெடுத்துப் பிறர் அறிய வெளியிடும் அன்பர்களும் அவர்களிடையே உளர். மூடப்பட்ட வங்கிகளின் பெயர்களும் அவற்றை நடத்தியோர் கையொப்பங்களும் இன்று அறியக் கிடைப்பதில் அவர்கள் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. தம்மிடம் ஒன்றே இருந்த ஊருக்கு இரண்டாவது தாள் தோன்றினால், தம் தாளின் விலை குறையும் என்று அறிந்தே, அதனையும் கணக்கில் ஏற்றுகின்றனர்.