ஒரு வார ஓய்வும் அதன் விலையும்

உழைத்துக் களைத்த மனிதன் ஆண்டுக்கு ஒரு வாரம் கடற்கரையிற் கிடந்து வெயில் காய்வதில் ஒழுக்கப் பிரச்சினை ஏதும் உண்டோ? உண்டு எனக் கூறுவோர் பெரும்பாலும் இரு சாரார். ஓய்வையே சோம்பல் என எண்ணும் பழைய உபதேசிகள் ஒரு சாரார். சாதாரண மக்கள் வந்து கூடியதால் அழகிய இடங்களெல்லாம் கெட்டொழிந்தன என்று மூக்கைச் சுளிக்கும் கனவான்கள் மறு சாரார். இவ்விரு சாராரோடும் எமக்கு உடன்பாடில்லை. எனினும் கேள்வி அத்துடன் தீர்ந்துவிடுவதில்லை. மத்தியதரைக் கடலிலுள்ள மயோர்க்காத் தீவின் வரலாற்றை அறிந்தோரை அது இலேசில் விடாது.

ஓய்வு எவரும் தானமாகக் கொடுத்ததன்று. மார்க்சின் மருமகனான போல் லஃபார்க் 1880ஆம் ஆண்டில் 'சோம்பியிருக்கும் உரிமை' என்ற தலைப்பில் எழுதியபொழுது, வேலையே வாழ்வு என்ற போதனையைத் தொழிலாளியின் தலையில் ஏற்றியவர்கள் யார் என்ற கேள்வியையே எழுப்பினார். 1936 ஜூன் மாதத்தில் பிரெஞ்சுத் தொழிலாளர் ஆலைகளினுள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பயனாக மக்கள் முன்னணி அரசாங்கம் சம்பளத்துடன் கூடிய இருவார விடுமுறையைச் சட்டமாக்கியது. அந்தக் கோடையிலேதான் அந்நாட்டுத் தொழிலாளர் பலர் முதன்முதலாகக் கடலைக் கண்டனர். பிரித்தானியாவில் 1938ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவார விடுமுறைக்கு வழிவகுத்தது. 1948இல் வெளியான மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை இவ்வுரிமையை உலக மக்கள் யாவர்க்கும் உரியதாக்கிற்று. ஆகவே, கடற்கரையிற் கிடக்கும் தொழிலாளியைக் கண்டு முகஞ்சுளிப்பவர் எட்டுமணி நேர வேலைநாளைக் கண்டும் முகஞ்சுளிக்க வேண்டியவரே.

விடுமுறை கிடைத்ததும் அதை விற்கும் வியாபாரமும் பிறந்தது. விமானப் பயணம், உணவு, தங்குமிடம் யாவற்றையும் ஒரே விலைக்குள் அடக்கி விற்கும் முறையை 1950ஆம் ஆண்டில் விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் இலண்டனிலிருந்து தொடங்கினார். கோர்சிக்காத் தீவின் கல்வி என்ற ஊரின் கடற்கரையிற் கூடாரங்களில் தங்குவதற்குக் கட்டணம் 32 பவுண் 10 சிலிங். மாணவரையும் ஆசிரியரையும் மட்டுமே ஏற்றிச் செல்லலாம் என்பது அவருக்கு அளிக்கப்பட்ட அனுமதியின் நிபந்தனை. எமது வாசகர்கள் இதைச் சற்றே சிரிப்புடன் வாசிக்கக்கூடும். பிரித்தானியாவில் இறைச்சி இன்னும் பங்கீட்டில் இருந்த காலம் அது. வயிறார உண்டு, வெயிலில் ஒரு வாரம் கிடப்பதற்கு அந்த ஆசிரியர்கள் ஆசைப்பட்டதில் தவறு காண எமக்கு மனமில்லை.

ஆனால் விரைவிலேயே இவ்வியாபாரத்தின் தலைநிலமாக மாறிய மயோர்க்காவில் 1936ஆம் ஆண்டு வேறுவிதமாக விடிந்திருந்தது. பிரெஞ்சுத் தொழிலாளர் கடல் காணப் புறப்பட்ட அதே கோடையில், பிராங்கோவின் கலகப் படைகள் அத்தீவைக் கைப்பற்றின. தொழிற்சங்கவாதிகளும் இடதுசாரிகளும் இரவோடிரவாக இழுத்துச் செல்லப்பட்டுச் சுடப்பட்டனர். அங்கு வாழ்ந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஜோர்ஜ் பெர்னனோ கத்தோலிக்கர்; முடியாட்சியில் நம்பிக்கை கொண்டவர். அவரே இக்கொலைகளைக் கண்டு கொதித்தெழுந்து 1938இல் ஒரு நூலை வெளியிட்டார். பல்மா நகரின் தையற் தொழிலாளியும் பெண் தொழிலாளரை அணிதிரட்டியவருமான ஒளரோரா பிகோர்னெல் என்ற கம்யூனிஸ்டுப் பெண், 1937 ஜனவரி 5ஆம் நாளிரவு வேறு நான்கு பெண்களுடன் கொல்லப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்துநான்கு. மனக்கோர் நகரத்து இடுகாட்டிலே தோண்டியெடுக்கப்பட்ட எலும்புகள் அவருடையவையே என 2022ஆம் ஆண்டிலேதான் உறுதியாயிற்று. அந்த மனக்கோரின் எல்லைக்குட்பட்ட கரையோரங்களில் இன்று உல்லாச விடுதிகள் வரிசையாக நிற்கின்றன.

இவ்விரு நிகழ்ச்சிகளும் தொடர்பற்றவையல்ல. அந்நியச் செலாவணிக்கு ஏங்கிய பிராங்கோவின் ஆட்சி 1959இல் நாணயத்தின் மதிப்பைக் குறைத்து, வெளிநாட்டாருக்கும் வெளிநாட்டு மூலதனத்துக்கும் கதவைத் திறந்தது. சுதந்திரமான தொழிற்சங்கம் அங்கு தடைசெய்யப்பட்டிருந்தது, வேலைநிறுத்தம் குற்றமாயிருந்தது. வறண்ட தென்பகுதியான அந்தலூசியாவிலிருந்து வந்த ஏழை மக்கள் சுவர் எழுப்பினர், கோப்பை கழுவினர், படுக்கை விரித்தனர். வட ஐரோப்பியத் தொழிலாளிக்குக் கடற்கரை மலிவாகக் கிடைத்தமைக்கு, இத்தீவின் தொழிலாளிக்கு வாய் திறக்கும் உரிமை இல்லாதிருந்தமையும் ஒரு காரணம். ஒரு நாட்டுச் சங்கம் வென்றெடுத்த வாரத்தை இன்னொரு நாட்டிற் சங்கம் நசுக்கப்பட்ட இடத்திற் கொண்டுபோய்ச் செலவிடச் செய்தது மூலதனம். ஒழுக்கப் பிரச்சினை இவ்விடத்திலேதான் இருக்கின்றது. கடற்கரை மணலில் அன்று.

பிராங்கோ 1975இல் மறைந்தான். சங்கங்கள் மீண்டன. ஆயினும் கணக்கு நேராகிவிடவில்லை. ஒன்பது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் இத்தீவின் விமான நிலையத்தை, வருவோரும் போவோருமாக 2024இல் 3 கோடி 30 இலட்சம் பயணிகள் பயன்படுத்தினர். 1995க்கும் 1997க்கும் இடையில் வரட்சி வாட்டியபோது எப்ரோ ஆற்று நீரைக் கப்பலில் ஏற்றிக் கொணர வேண்டியிருந்தது. வீடுகள் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுவதால் ஊரவர்க்கு வீடில்லை. அயல்தீவான இபிசாவில் வாடகை கொடுக்க இயலாத ஆசிரியர் சிலர் மயோர்க்காவிலேயே குடியிருந்து, நாள்தோறும் விமானத்திற் சென்று வகுப்பெடுத்துத் திரும்பினர் என்று ஸ்பானியப் பத்திரிகைகள் எழுதின. இலாபம் முழுவதையும் அந்நியர் கொண்டுபோயினர் என்றும் கூற முடியாது. பல்மாவிற் பிறந்த ஹோட்டல் நிறுவனங்களே இன்று மெக்சிக்கோவிலும் தொமினிக்கன் குடியரசிலும் கடற்கரை விடுதிகளை நடத்துகின்றன. மூலதனத்துக்குத் தாய்மொழி ஒரு தடையன்று.

அப்படியாயின் போகாதிருப்பதே நேர்மையோ? இத்தொழில் இன்றேல் தீவு பட்டினி கிடக்கும் என்பர் சிலர். அது வெறும் பொய்யன்று. முன்னொரு காலத்தில் இத்தீவினர் பிழைப்புத் தேடி அல்ஜீரியாவுக்கும் கியூபாவுக்கும் கப்பலேறியவர்கள். ஆனால் பசியை நீக்கியது என்பதற்காக ஒரு தொழிலைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்கினால், எமது தோட்டத்துரைமாரின் வாதத்தையும் நாம் ஏற்கவேண்டிவரும். தொகையைக் குறைத்துத் 'தரமான' பயணிகளை மட்டும் வரவேற்போம் என்பது அதிகாரிகளிடையே அடிக்கடி கேட்கும் இன்னொரு பரிகாரம். தரம் என்பது இங்கே பணப்பையின் கனம். 1838ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வல்தெமோசா மடாலயத்தில் சோபினுடன் தங்கிய ஜோர்ஜ் சாண்ட் அம்மையார் தரத்தில் எவர்க்கும் குறைந்தவரல்லர். ஊர் திரும்பியதும் அத்தீவின் குடியானவர்களை இழித்து நூல் எழுதினார். கூட்டத்துக்கு எல்லை வகுக்க வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. விலையையே எல்லையாக வைத்தால் கடல் மீண்டும் கனவான்களின் சொத்தாகும் என்பதே எமது ஆட்சேபம்.

பயணி குற்றவாளியல்லன். ஆனால் தன் படுக்கையை விரிப்பவளும் தன் வர்க்கத்தினளே என்பதை அறியாதிருக்கும் வசதியைத்தான் அவன் விலைகொடுத்து வாங்குகிறான். அதை அவன் வாங்காதிருக்க முடியும். 2024 ஜூலை 21இல் பல்மா வீதிகளிற் பல்லாயிரம் பேர் ஊர்வலம் சென்றபோது, அந்நியர்மீது வெறுப்பு என்று சில பத்திரிகைகள் எழுதின. வீட்டுவாடகை, கூலி, தண்ணீர் என்பனவே அங்கு எழுந்த பேச்சு. அந்த அணியில் ஒரு பயணி சேர்ந்து நடப்பதற்குத் தடையேதும் இருந்ததாக நாம் கருதவில்லை.

ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்கள் ஸ்பெயினிலே தம்மைக் கெல்லிகள் என அழைத்துக்கொள்கின்றனர். 'துப்புரவு செய்பவள்' என்று பொருள்படும் ஸ்பானியத் தொடரின் ஒலியிலிருந்து பிறந்த பெயர் அது. 2012ஆம் ஆண்டுத் தொழிற் சட்டத்தின் பின்னர் ஹோட்டல்கள் இவர்களை வெளி ஒப்பந்தக்காரரிடம் தள்ளிக் கூலியைக் குறைத்தன. நாளொன்றுக்கு இத்தனை அறை என்ற கணக்கு இவர்களது முதுகை முறித்தது. இவர்கள் அமைப்பாகத் திரண்டு பேசத் தொடங்கிய பின்னரே, குனிந்து மெத்தை தூக்கும் வேதனை சட்டசபைவரை சென்றது. 2021இன் இறுதியில் வந்த சீர்திருத்தம் தொழிற்றுறை முழுவதற்குமான கூலி ஒப்பந்தத்துக்கு முதன்மையை மீட்டது. 2022இல் அத்தீவுகளின் அரசாங்கம், உயர்தர ஹோட்டல்கள் உயர்த்தித் தாழ்த்தக்கூடிய கட்டில்களை அமைக்க வேண்டுமெனச் சட்டம் விதித்தது. கோடை முடிந்து ஹோட்டல்கள் பல மூடப்பட்டதும், அடுத்த வசந்தத்தில் அழைப்பு வரும்வரை இப்பெண்களிற் பலர் வேலையற்றோர் கொடுப்பனவில் காலந்தள்ளுகின்றனர். அவர்களது விடுமுறை அதுவே.