மூன்று மாதத் தவணை

உடம்பை நம்பி வாழ்வது நல்லதா, சந்தேகித்து வாழ்வது நல்லதா? சாதாரணமாக நமக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. பல் வலித்தால்தான் பல் இருப்பது நினைவுக்கு வருகிறது. வலி நின்றதும் மறந்துவிடுகிறோம். ஆரோக்கியம் என்பதே ஒருவகை மறதிதான். அந்த மறதி வாய்க்காமல் போனவர்களைப் பற்றியே இங்கு யோசிக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்குள் 3 பேரில் 2 பேருக்கு ஏதேனும் ஒருவகைத் தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. வெளுத்த தோல், கொளுத்தும் வெயில், கூப்பிடு தூரத்தில் கடற்கரை. 1968-ம் ஆண்டு சிட்னியில் பிறந்த நடிகர் ஹியூ ஜாக்மனுக்கு 2013-ல் மூக்கில் வந்ததை அறுத்தெடுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் வந்தது. 'பேசல் செல்' என்னும் இந்த வகை உயிரைக் குடிப்பது அபூர்வம். ஆனால் அலட்சியமாக விட்டால் மூக்கையும் காதையும் இமையையும் அரித்துவிடும். ஒருமுறை வந்தவருக்கு வேறோர் இடத்தில் மறுபடி வரக்கூடும். ஆகவே மூன்று மாதமோ ஆறு மாதமோ, தவணை தவறாமல் டாக்டரிடம் போய் உச்சி முதல் உள்ளங்கால் வரை காட்டிவிட்டு வரவேண்டும். "ஒன்றுமில்லை" என்கிறார் டாக்டர். அந்தச் சொல்லுக்கு அடுத்த தவணை வரைதான் ஆயுள்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. வெயில் செய்த சேதத்தில் பெரும்பகுதியை உடம்பே செப்பனிட்டுக் கொள்கிறது. மிச்சம் உள்ளே சேர்ந்து, பல பத்தாண்டுகளுக்குப் பின் தலைகாட்டுகிறது. நாமாக இருந்தால் 'செய்த வினை' என்று ஒரே சொல்லில் முடித்திருப்போம். மணலில் வீடு கட்டிய பையன் என்ன வினை செய்தான்? வெயில் பிள்ளைகளுக்கு நல்லது என்றல்லவா பெற்றோர் நம்பினார்கள்! சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்ற பிரசாரம் அந்நாட்டில் 1981-ல்தான் தொடங்கிற்று. அப்போது ஜாக்மனுக்கு வயது பன்னிரண்டு, பதின்மூன்று. காரணம் வேறு, குற்றம் வேறு. (கருநிறம் இயற்கை கொடுத்த குடை. அந்தக் குடையைத்தான் நம் கல்யாண விளம்பரங்கள் வேண்டாம் என்கின்றன!)

அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்னுக்கு வந்தது இதைவிடப் பொல்லாத 'மெலனோமா'. 1993-ல் வந்தது, 2000-ல் வந்தது, 2002-லும் வந்தது. தோலைக் காவல் காத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் 2018-ல் மூளைக் கட்டியால் இறந்தார். "பார்த்தீர்களா, அத்தனை சோதனையும் வீண்!" என்று யாராவது சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2000-ல் நெற்றிப்பொட்டில் அறுவை நடந்தபின், கன்னத்தில் அந்த அடையாளத்தோடேயே 2008-ல் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டார். தினமும் கண்ணாடி முன் நின்று பயந்துகொண்டிருப்பவனால் அது முடியுமா? பரிசோதனைக்குப் போய்வந்தவனுக்குத்தான் நடுவில் மறந்திருக்கும் பாத்தியதை உண்டு. போகாதவன் மறப்பதில்லை, மறைக்கிறான்.

ஒரு சங்கடம் மட்டும் மீதி இருக்கிறது. டாக்டர் பார்ப்பது ஆண்டுக்குச் சில நாள். மற்ற நாட்களில் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று நாம் வேறு அர்த்தத்தில் சொல்வோம். இங்கே அது வெறும் உண்மை. மாதம் ஒரு நாள் விளக்கடியில் சட்டையைக் கழற்றி உட்கார, மனைவி ஒவ்வொரு மச்சமாகப் பார்க்கிறாள். தனியாக இருப்பவர் இரண்டு கண்ணாடிகளை வைத்துக்கொண்டு கழுத்தைத் திருப்புகிறார்.