அழைப்பிதழ் வேண்டாத கூட்டம்

பினாங்கின் செபராங் பிறையில், சுங்கை பாக்காப் வட்டாரத்தில் இன்று நாலு பேரைக் கூட்டி ஒரு பொழுதைச் சந்தோஷமாகக் கழிக்க வேண்டுமென்றால், முதலில் மண்டபம் தேடுகிறோம். அப்புறம் கேட்டரிங், அலங்காரம், அழைப்பிதழ். செலவை நினைத்தே பலர் ஆண்டுக்கு ஒருமுறை கூடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பணம் மட்டுமே தடையென்றால் இதைப் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. மண்டபத்துக்குள் நுழைந்ததுமே விருந்து வைப்பவர், விருந்தாளி என்று மனிதர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். விருந்தாளி சாப்பிடுகிறார், உறை கொடுக்கிறார், படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். அங்கே அவர் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. திறந்தவெளியில் பாய் விரித்து, வீட்டுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து கூடும்போது இந்தப் பிரிவு விழுவதில்லை. உறவு அப்படித்தான் வளர்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிக் கரையில் சித்திரான்னம் கட்டிக்கொண்டு போய் உட்காருவதும், ஆளுக்குப் பிடி அரிசியும் பருப்பும் போட்டுப் பிள்ளைகள் ஆக்கும் கூட்டாஞ்சோறும் நம்முடையவைதாம். செபராங் பிறைக்கு 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர் தோட்டங்களுக்கும் வந்தவர்கள், வாழ்க்கையின் பெரும்பகுதியைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வெளியேதான் வாழ்ந்தார்கள். விடியுமுன் போனால் மதியவாக்கில் பால்வெட்டு முடிந்துவிடும். மாலையில் திடலில் பந்தாட்டம், கோயில் வாசலில் ஊர்க்கதை, எப்போதாவது வெள்ளைத் திரை கட்டிப் படம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் பல கைமாறின. மக்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். வீடு கிடைத்தது, திடல் வாழ்க்கை போயிற்று.

ஆனாலும் அந்தப் பழக்கம் அடியோடு செத்துவிடவில்லை என்பதற்குப் பினாங்கின் தைப்பூசமே சாட்சி. தேரையும் காவடியையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையோரத் தண்ணீர்ப் பந்தல் ஒன்றை மட்டும் பாருங்கள். விடியற்காலையில் மடக்கு நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்து சிலர் வெங்காயம் உரிக்கிறார்கள். ஒருவர் அண்டாவில் மோர் கலக்குகிறார். உப்புப் போதுமா என்று பக்கத்திலிருப்பவரிடம் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்துக் கேட்கிறார். பையன் ஒருவன் வழியில் போகிறவர்களிடம் குவளையை நீட்டுகிறான். வாங்குகிறவர் யார், எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. களைத்து வந்து மோர் வாங்கிக் குடித்தவர், அரைமணி நேரத்தில் குப்பைப்பை பிடித்துக்கொண்டு நிற்பதும் உண்டு. அந்த இடமாற்றத்துக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. கூடுவதன் இன்பத்தில் பெரும்பங்கு இந்தச் சின்ன வேலைகளில் இருக்கிறது. கை வேலையில் இருக்கும்போது வாய்க்குக் கூச்சம் விட்டுப்போகிறது. முன்பின் தெரியாதவரிடமும் பேச்சு வந்துவிடுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரோமும் எலிசபெத் டன்னும் 2014-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. நெருங்கியவர்களோடு மட்டுமல்ல, அரைகுறையாகத் தெரிந்தவர்களோடு வழக்கத்தைவிட அதிகம் பழகிய நாள்களிலும் மனிதர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள் என்பதே அவர்கள் கண்டது. மண்டபத்தில் நாம் உட்காருவது தெரிந்தவர் மேசையில். அரைகுறையாகத் தெரிந்தவர் எதிர்ப்படுவது வெளியில்தான்.

தோட்ட வாழ்க்கையை அழகுபடுத்திப் பேசுகிறேன் என்று சிலர் கோபப்படலாம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. குறைந்த கூலி, கங்காணியின் அதட்டல், சாதி பார்த்துப் பிரிந்த வரிசை, ஆண்கள் திடலில் இருக்கப் பெண்கள் அடுப்படியில் கிடந்தது எல்லாமே அந்தத் திடலைச் சுற்றித்தான் நடந்தன. அன்று வீடு போதாமல் வெளியே வந்தார்கள். இன்று நாம் விரும்பி வரலாம். ஆணும் கரண்டி பிடிக்கலாம், யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம். பழைய திடலின் அநீதிகளுக்காகத் திடலையே கைவிடுவது சரியான கணக்கல்ல. தண்ணீர்ப் பந்தல்களிலும் காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி என்ற குறை உண்டு. அதைக் கண்டிக்கிறவர்கள் பக்கம்தான் நானும். பேச்சைக் கேட்கவிடாத இசை, கூடிய காரணத்தையே கெடுக்கிறது.

வெயிலும் மழையும் இருக்க, குளிரூட்டிய பேரங்காடி இருக்கும்போது வெளியே எதற்கு என்பது அடுத்த கேள்வி. பினாங்கின் இரண்டாவது பாலம் 2014-இல் திறந்தபின், அது வந்திறங்கும் பத்து காவான் வேகமாக வளர்ந்தது; 2019-இல் ஐக்கியா கடையும் அங்கே வந்தது. குடும்பத்தோடு போய்வர நல்ல இடந்தான். ஆனால் அங்கே நாம் வாடிக்கையாளர்கள். பக்கத்து மேசைக்காரரிடம் பேச ஒரு காரணமும் அமைவதில்லை. வெயிலுக்கு நம் ஊரே வழி சொல்கிறது. இங்கே பொழுது சாய ஏழு மணியாகிவிடுவதால், வேலை விட்டு வந்தபின்னும் வெளிச்சம் மிச்சமிருக்கும். மழை வந்தால் ஒரு கூடாரம் போதும். நேரமில்லை என்பவர்களுக்கும் இதுவே ஏற்றது: அரைமணி இருந்துவிட்டு எழுந்து போனால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். உண்மையான தடை இடந்தான். பல தாமான்களில் திடல் இருந்தும் விளக்கில்லை, குழாயில்லை, முதியவர் உட்காரப் பலகையில்லை. குடியிருப்போர் சங்கங்களும் ருக்குன் தெத்தாங்கா எனப்படும் அக்கம்பக்கக் குழுக்களும் அடுத்த விருந்துக்கு மண்டபம் பிடிப்பதற்கு முன், செபராங் பிறை மாநகர் மன்றத்திடம் இந்த மூன்றையும் எழுதிக் கேட்கட்டும். முதல் கூட்டத்துக்குப் பாயும் ஆளுக்கொரு பாத்திரமும் வீட்டிலிருந்தே வந்துவிடும்.